ஒரு நாள் மழை 214 மில்லிமீட்டரா? ஈரா5-லேண்ட் தரவிலிருந்து நாள் மழையளவை எடுக்கும் முறை

என் கணக்குப்படி பாலைவனத்தில் வெள்ளம் வந்துவிட்டது. வறண்ட பகுதி ஒன்றின் நாள் மழையளவைக் கூட்டிப் பார்த்தபோது ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீட்டரைத் தாண்டியது. அங்கே முந்நூறு பெய்தாலே அதிகம். நிரலில் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். நிரல் சரியாகத்தான் இருந்தது. ஆவணத்தின் ஒரு பத்தியை நான்தான் படிக்காமல் விட்டிருந்தேன். அந்தப் பத்திக்காகவே இதை எழுதுகிறேன்.

பைத்தானை நிறுவுவது, கோப்புறை உருவாக்குவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. நிரல் வரிகளையும் ஒட்டவில்லை. தரவிறக்கப் பக்கத்தின் படிவத்தை நிரப்பினால், அதற்கான பைத்தான் வரிகளை அந்தப் பக்கமே அடியில் எழுதிக் காட்டுகிறது. அதை நகலெடுப்பதுதான் பாதுகாப்பு. பழைய பதிவுகளில் இருக்கும் வரிகள் இன்று ஓடாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கீழே வரும்.

எதை இறக்குகிறோம்?

ஈரா5 என்பது ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையம், ஐரோப்பிய ஒன்றியத்தின் கோபர்நிக்கஸ் காலநிலைச் சேவைக்காகத் தயாரிக்கும் மறுபகுப்பாய்வுத் தொகுப்பு. 1940 முதல், மணிக்கு ஒரு மதிப்பு வீதம், உலகம் முழுவதற்கும் 0.25 பாகைக் கட்டங்களில் கிடைக்கிறது. ஈரா5-லேண்ட் அதன் நிலப்பரப்புப் பதிப்பு. இது 1950-இல் தொடங்குகிறது, கட்டம் 0.1 பாகை, அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டர். இரண்டும் இலவசம்.

மறுபகுப்பாய்வு என்றால் அளந்த தரவு அல்ல. நிலையங்கள், பலூன்கள், கப்பல்கள், செயற்கைக்கோள்கள் ஆகியவற்றின் அளவீடுகளை வானிலை மாதிரி (வளிமண்டலத்தைக் கணக்கிடும் கணினி நிரல்) ஒன்றுக்குள் செலுத்தி, இடையில் உள்ள வெற்றிடங்களை இயற்பியலால் நிரப்புகிறார்கள். வெப்பநிலைக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. மழை அப்படியல்ல. இத்தொகுப்பில் இருப்பது அந்த வானிலை மாதிரி தன் கணக்கில் பெய்வித்த மழை. எந்த மழைமானியிலும் விழுந்தது அல்ல. குறுகிய நேரத்தில் சிறு பரப்பில் கொட்டும் இடிமழையை ஆராய்பவர்கள் இதை மட்டும் நம்பக் கூடாது.

நிலையத் தரவே வேண்டும் என்றால் அமெரிக்காவின் நோவா அமைப்பு தரும் ஜிஎச்சிஎன்-டெய்லியைப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் அதில் இருக்கின்றன. அங்கே மழை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகப் பதிவாகியிருக்கும். 254 என்றால் 25.4 மில்லிமீட்டர். ஒரே ஓர் இடத்தின் மதிப்பு போதும், கணக்குத் தொடங்கப் பொறுமை இல்லை என்பவர்களுக்கு நாசாவின் பவர் தளம் இருக்கிறது. அங்கே உள்நுழைவே தேவையில்லை. விரிதாளில் திறக்கும் கோப்பாகக் கிடைக்கும். ஆனால் விடுபட்ட நாட்களை -999 என்று குறித்திருப்பார்கள். அதையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடாதீர்கள்.

கணக்கும் சாவியும்

ஈரா5 தொகுப்புகள் இருக்கும் கோபர்நிக்கஸின் காலநிலைத் தரவுக் கிடங்கில் கணக்குத் தொடங்குங்கள். உங்கள் பக்கத்தில் ஒரு நீண்ட சாவி எழுத்துத்தொடர் இருக்கும். அதையும் தள முகவரியையும் ஒரு சிறு அமைப்புக் கோப்பில் இட்டு, கணினியின் பயனர் கோப்புறையில் வைக்க வேண்டும். அந்தக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குகிறது. விண்டோஸில் சேமிக்கும்போது பெயரின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளக்கூடும். கோப்பு நீட்டிப்புகளைக் காட்டச் சொல்லி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய பதிவுகள் ஏன் ஓடாது? 2024 செப்டம்பரில் பழைய கிடங்கை மூடிவிட்டுப் புதியதற்கு மாறினார்கள். முகவரி மாறியது. முன்பு பயனர் எண், முக்காற்புள்ளி, சாவி என்று எழுதிய இடத்தில் இப்போது சாவி மட்டும் போதும்.

இன்னொன்று: ஒவ்வொரு தொகுப்புக்கும் அதன் உரிமத்தை ஒருமுறை இணையப் பக்கத்தில் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் நிரல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிழைச்செய்தியை முழுதாகப் படித்தால் அதில் காரணம் இருக்கும்.

எவ்வளவு கேட்பது?

உலகம் முழுவதையும் கேட்காதீர்கள். ஈரா5-லேண்டின் கட்டம் 3,600க்கு 1,801. அதாவது ஏறத்தாழ 65 லட்சம் புள்ளிகள். ஒரு மதிப்புக்கு 4 பைட் என்று வைத்தால், ஒரே ஒரு மாறிக்கு (மழை அல்லது வெப்பநிலை போன்ற ஒன்றுக்கு) ஓர் ஆண்டின் மணிநேரத் தரவு, சுருக்காத நிலையில், 200 ஜிபியைத் தாண்டும். உங்களுக்கு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக் கேளுங்கள்.

வெட்டும் எல்லைகளின் வரிசை வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு. அட்சரேகை 10 முதல் 20 வரை, தீர்க்கரேகை 30 முதல் 40 வரை வேண்டுமானால் 20, 30, 10, 40 என்று வரும். வரைபட மென்பொருள்கள் பலவற்றில் வரிசை வேறு. பழக்கதோஷத்தில் எழுதினால் எங்கோ கடல் வந்து நிற்கும்.

ஒரு மாதத்துக்கு ஒரு கோரிக்கை, ஒரு கோரிக்கைக்கு ஒரு மாறி: இது என் விதி. பெரிய கோரிக்கை வரிசையில் நெடுநேரம் காத்திருக்கும்; பாதியில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெப்பநிலையையும் மழையையும் ஒன்றாகக் கேட்டால் வேறொரு தொல்லையும் உண்டு. கணப்பொழுது மதிப்புகளையும் (வெப்பநிலை போன்றவை) திரண்ட மதிப்புகளையும் (மழை போன்றவை) தனித்தனிக் கோப்புகளாக்கி, ஜிப் பொதியில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் பெயரில் நெட்சிடிஎஃப் (இத்தகைய கட்டத் தரவுக்கான கோப்பு வடிவம்) என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது ஜிப்தான். கோப்பு திறக்க மறுத்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

நிரலுக்கு முன் கண்ணால் பாருங்கள்

நாசாவின் கோடார்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் வெளியிடும் பனோப்ளி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து வரைபடமாகப் பாருங்கள். அழகான கருவி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அலகு என்ன, நேர அச்சின் பெயர் என்ன, எந்த மணியில் தொடங்குகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுகிறது. கட்டளை வரியில் பழகியவர்களுக்கு மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தின் சிடிஓ இருக்கிறது. பெரிய கோப்புகளை வெட்ட, ஒட்ட நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். கணக்குப் போடப் பைத்தானின் எக்ஸ்அரே நூலகம். விரிதாளில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்காதீர்கள்.

எக்ஸ்அரேயில் இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்குகிறது. 10 முதல் 20 வரை என்று வெட்டினால் வெறுமைதான் கிடைக்கும், 20 முதல் 10 வரை என்று வெட்ட வேண்டும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கொடுமை. இன்னொன்று, புதிய கோப்புகளில் நேர அச்சின் பெயர் மாறியிருக்கிறது. முன்பு வெறும் நேரம் (time), இப்போது செல்லுபடி நேரம் (valid_time). பழைய நிரலில் அந்த ஒரு சொல்லைத் திருத்தினால் போதும்.

இப்போது மழை

வெப்பநிலை கெல்வினில் இருக்கும், 273.15-ஐக் கழித்தால் செல்சியஸ். மழை மீட்டரில் இருக்கும், ஆயிரத்தால் பெருக்கினால் மில்லிமீட்டர். இதுவரை எனக்கும் தெரியும். நாள் மழை வேண்டுமா, 24 மணிநேர மதிப்புகளைக் கூட்டிவிட்டால் ஆயிற்று என்று நினைத்தேன். அங்கேதான் விழுந்தேன்.

ஈரா5-லேண்டில் ஒவ்வொரு மணிக்கும் எழுதியிருப்பது அந்த ஒரு மணியில் பெய்த மழை அல்ல. உலகப் பொது நேரம் (யுடிசி) 00 மணியிலிருந்து அந்த மணிவரை திரண்ட மொத்தம். வாசலில் வைத்த வாளியை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து மட்டத்தைக் குறிப்பது போல. நள்ளிரவில்தான் வாளியைக் கவிழ்க்கிறார்கள்; அதுவும் மட்டத்தைக் குறித்த பிறகு.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். முந்தைய நாள் மழையே இல்லை. இன்று 01 மணிக்கும் 02 மணிக்கும் இடையே 4 மில்லிமீட்டர், 02-க்கும் 03-க்கும் இடையே 6 மில்லிமீட்டர் பெய்தது. பிறகு வானம் வெளுத்துவிட்டது. கோப்பில் இருப்பது: 00 மணிக்கு 0, 01-க்கு 0, 02-க்கு 4, 03-க்கு 10. அதன்பின் 04 முதல் 23 வரை இருபது முறை அதே 10. கூட்டிப் பாருங்கள்: 214. பெய்தது 10.

சரியான வழி கூட்டலே இல்லாதது. மறுநாள் 00 மணியின் மதிப்பை மட்டும் எடுங்கள்; அதுவே இன்றைய மொத்தம். எக்ஸ்அரேயில் 00 மணி வரிசைகளை மட்டும் தேர்ந்து, தேதியை ஒரு நாள் பின்னே தள்ளி, ஆயிரத்தால் பெருக்கினால் முடிந்தது. தேதியைத் தள்ள மறந்தால் மழை முழுவதும் ஒரு நாள் தாமதமாகப் பெய்ததாகக் காட்டும். மாதக் கூட்டுத்தொகையில் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. நிலையத் தரவோடு நாளுக்கு நாள் ஒப்பிடும்போதுதான் பல்லிளிக்கும்.

மாதத்தின் கடைசி நாளுக்கு அடுத்த மாதம் முதல் தேதியின் 00 மணி தேவை. அதனால் டிசம்பர் 31-க்கு அடுத்த ஆண்டின் ஜனவரி 1-ஐயும் இறக்க வேண்டும். நான் முதலில் இறக்கவில்லை; ஒவ்வொரு ஆண்டும் ஒரு நாள் காணாமல் போயிருந்தது.

இந்த நாள் என்பது உலகப் பொது நேரத்து நாள். உங்கள் ஆய்வுப் பகுதியின் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை வேண்டுமானால், முதலில் மணி மழையாகப் பிரிக்க வேண்டும்: ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் முந்தைய மணியின் மதிப்பைக் கழியுங்கள். 01 மணிக்கு மட்டும் கழிக்காதீர்கள். வாளி அப்போதுதான் காலியானது, அதன் மதிப்பே அந்த மணியின் மழை. பிறகு உள்ளூர் நேரப்படி கூட்டுங்கள்.

சரிபார்க்க ஒரு வழி: அதே கிடங்கில் ஈரா5-லேண்டின் மாதச் சராசரித் தொகுப்பு தனியாக இருக்கிறது. அதில் மழை என்பது ஒரு நாளுக்கான சராசரி, மீட்டரில். மாதத்தின் நாட்களாலும் ஆயிரத்தாலும் பெருக்கி உங்கள் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். தசமத்தில் வேறுபாடு இருக்கலாம். மடங்குகளில் வேறுபட்டால் வாளிக் கதையை மீண்டும் படியுங்கள்.

பகுதிச் சராசரி எடுப்பவர்கள் அட்சரேகையின் கொசைனை எடையாகப் போட வேண்டும். 60 பாகையில் ஒரு கட்டத்தின் பரப்பு நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான்.

பின்சேர்க்கை 1: இதே முறையை ஈரா5-இல் செய்த வாசகர் ஒருவருக்கு மழையே வரவில்லை. நான் தெளிவாகச் சொல்லாதது என் தவறு. ஈரா5-இல் ஒவ்வொரு மதிப்பும் அந்த மணியோடு முடியும் ஒரு மணிநேரத்து மழை மட்டுமே. அங்கே கூட்டத்தான் வேண்டும்: 01 மணி முதல் மறுநாள் 00 மணி வரை. தயாரிப்பாளர் ஒருவரே, கணக்கு இரண்டு.

பின்சேர்க்கை 2: கடற்கரை ஓரப் புள்ளிக்கு எல்லா நாளும் வெறுமையாக வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஈரா5-லேண்டில் கடலுக்கு மதிப்பு கிடையாது. அருகில் உள்ள கட்டம் கடலாக இருந்தால் வெறுமைதான். ஒரு கட்டம் நிலத்தின் பக்கம் நகர்ந்து எடுங்கள். அப்படி நகர்த்தியதைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள்.

பின்சேர்க்கை 3: மணி மழையாகப் பிரித்தபோது மிகச் சிறிய எதிர்மறை எண்கள் வருகின்றனவா? எண்களைச் சுருக்கிச் சேமிக்கும்போது நேரும் முழுமையாக்கத்தின் எச்சம் அது, பூச்சியமாக்கிவிடலாம். பெரிய எதிர்மறை எண் 01 மணியில் வந்தால், கழிக்கக் கூடாத இடத்தில் கழித்திருக்கிறீர்கள்.

பின்சேர்க்கை 4: சென்ற வாரத் தரவு வேண்டுமென்று கேட்டவருக்கு: ஏறத்தாழ ஐந்து நாள் தாமதத்தில் முதற்கட்டப் பதிப்பு கிடைக்கும், இறுதிப் பதிப்புக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். இடையில் மதிப்புகள் மாறக்கூடும். நான் இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்கிறேன்.