பாதசாரிக் கடவையில் தானியங்கிக் கேமரா: நிறுவும் முறை

கேமராவை வாங்குவதற்கு முன், எந்த விதிமீறலைப் பதிவு செய்யப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். சிக்னல் உள்ள கடவையில் இது எளிது. சிவப்பு விளக்கு எரியும்போது வாகனம் நிறுத்தக் கோட்டுக்கு முன் இருப்பதை ஒரு படமும், கோட்டைத் தாண்டிவிட்டதை மற்றொரு படமும் காட்ட, நேரமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரிந்தால் போதும். மஞ்சள் விளக்கு எரியும் நேரம் மட்டும் சாலையின் வேகத்துக்குப் பொருந்துகிறதா என்று முதலிலேயே சரிபார்க்க வேண்டும்; அதைக் குறைத்துவிட்டு அபராதம் விதிப்பது முறையாகாது.

சிக்னல் இல்லாத கடவைதான் சிக்கலானது; அங்கே பதிவு செய்ய வேண்டியது, கடக்கும் பாதசாரிக்கு வழிவிடாமல் செல்வதை. சாலையோரம் நின்று கைபேசி பார்ப்பவரும், கடக்கக் காத்திருப்பவரும் கேமராவுக்கு ஒன்றுபோலவே தெரிவார்கள். ஆகவே, பாதசாரி சாலையில் கால் வைத்த கணத்திலிருந்து கணக்கிடும்படி மென்பொருளில் கண்காணிப்புப் பரப்பை வரையறுப்பதே பாதுகாப்பானது. அந்தக் கணத்தில் வாகனம் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதும் பதிவாக வேண்டும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் நகர்கிறது. ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த சாலையில்கூட அது நிற்க 28 மீட்டர் அளவு தேவைப்படும். 15 மீட்டர் தொலைவில் வாகனம் வந்துகொண்டிருக்கும்போது ஒருவர் திடீரென இறங்கினால், விதித்த வேகத்தில் வந்த ஓட்டுநருக்கு அபராதம் விதிப்பதில் நியாயமில்லை. இதனால் தனிப் படம் போதாது. சில நொடிகள் முன்பிருந்தே தொடங்கும் காணொளி வேண்டும்.

பல தடங்கள் உள்ள சாலையில், வழிவிட்டு நிற்கும் பேருந்து பாதசாரியை மறைக்க, அடுத்த தடத்தில் வேகம் குறைக்காமல் வரும் வாகனமே மிகவும் ஆபத்தானது. ஓரத்துக் கம்பத்தில் தாழ்வாகப் பொருத்திய கேமராவும் அந்தப் பேருந்தைத் தாண்டிப் பார்க்க முடியாது என்பதால், கம்பத்திலிருந்து சாலைக்கு மேல் நீளும் குறுக்குக் கம்பியில் உயரமாகப் பொருத்த வேண்டும். கடவை முழுவதையும் காட்ட ஒன்று, நம்பர் பிளேட்டைப் படிக்க ஒன்று என இரு கேமராக்களை வைத்து, அவற்றின் கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும். இரவில் அகச்சிவப்பு ஒளி நம்பர் பிளேட்டைப் படிக்க உதவும். ஆனால் பாதசாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியக் கடவையில் நல்ல தெருவிளக்கு தேவை.

நோட்டீஸ் அனுப்புமுன் ஒவ்வொரு பதிவையும் பயிற்சி பெற்ற அலுவலர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஆம்புலன்சுக்கு வழிவிட முன்னே நகர்ந்த வாகனத்தை அவரால்தான் விலக்க முடியும். பாதசாரிகளின் முகங்களை மங்கலாக்கி, மீறல் இல்லாத பதிவுகளை உடனே அழித்துவிட வேண்டும். சாலையைப் புதிதாகப் போட்டாலோ கோடுகளை மீண்டும் வரைந்தாலோ, மென்பொருளில் உள்ள பரப்பையும் புதிதாக வரைந்து, சோதித்த பின்னரே அபராதத்தைத் தொடர வேண்டும்.