வண்டி இழுக்கலையா? முதலில் ஏர் ஃபில்டரைத் திறங்க

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் சின்ன கார் முக்கி முனகினால், குதிரைத்திறனை ஏற்றித் தரச் சொல்லி உடனே காசைக் கொட்ட வேண்டாம். பழைய வண்டியில் தொலைந்துபோன பவரை மீட்பதுதான் மலிவு.

முதலில், இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர். வேலூர்ப் பக்கத்துத் தூசிக்கு, சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருந்தால் சரிவராது. ஃபில்டர் பெட்டி மூடியின் கிளிப்பை விடுவித்து, ஃபில்டரை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்புகளுக்குள் வெளிச்சம் தெரியவில்லையா, மாற்றிவிடுங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவிப் போடுவதெல்லாம் ஆகாது.

அடுத்து, பெட்ரோல் வண்டி என்றால், தீப்பொறி கொடுத்து பெட்ரோலைப் பற்ற வைக்கும் ஸ்பார்க் பிளக். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள். சூட்டோடு திருகினால் பிளக் உட்காரும் அலுமினிய ஹெட்டின் (இன்ஜினின் மேல்பகுதி) மரை போய்விடலாம், அப்புறம் செலவு எங்கேயோ போய் நிற்கும். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது என்று சந்தேகப்படலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மெக்கானிக்கைப் பார்ப்பதுதான் வழி. புது பிளக்கை விரலாலேயே திருகி ஏற்றுங்கள். பாதியில் இறுகினால் மரை மாறி ஏறுகிறது. எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

டயர் காற்று, டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் சாமான், இவற்றையும் ஒரு கண் பாருங்கள். ஏற்றத்தில் ஏசியை அணைத்தாலே சின்ன இன்ஜினுக்கு மூச்சு வரும் (மே மாதத்தில் வீட்டில் உள்ளவர்கள் சம்மதித்தால்!).

சைலன்சரை மாற்றினால் பெரும்பாலும் சத்தம்தான் ஏறும், அபராதம் வேறு. ஈசியு ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) செய்தால், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டியில் வித்தியாசம் தெரியும். ஆனால் வாரண்டிக்குச் சிக்கல், செலவும் கையைக் கடிக்கும்.