பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் வாங்கப் போகிறீர்களா? மூடியைத் திறந்து முதலில் தொட்டுப் பாருங்கள்

விற்பவர் வீட்டுக்குப் போனதும் விலை பேசாதீர்கள், மீன்பிடி வள்ளத்தின் பின்பலகையில் மாட்டும் அந்த எஞ்சினின் மூடியைக் கழற்றி, சிலிண்டரை மூடியிருக்கும் பாகமான சிலிண்டர் ஹெட்டில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் யாரோ அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சூடான டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எதுவானாலும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. "அண்ணே, நாளைக்குக் காலையில வரேன், அதுவரைக்கும் ஓட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அதற்கே முகம் சுளிக்கிறார் என்றால் ஆட்டோ காசோடு பிழைத்தீர்கள்.

நான் சொல்வதெல்லாம் குமரிக் கரையில் வள்ளத்தில் மாட்டும் 9.9 குதிரைத்திறன் இரட்டை சிலிண்டர் மண்ணெண்ணெய் எஞ்சினை மனதில் வைத்துத்தான். குளச்சல், முட்டம், தூத்தூர் பக்கம் யமஹாவும் சுசுகியும்தான் கைமாறிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் எஞ்சினுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

ஒன்றை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இந்த எஞ்சினில் ஆயில் தனியாக எங்கேயும் நிற்பதில்லை, எரிபொருளோடு கலந்து வரும் ஆயில்தான் கிராங்க் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைக்கிறது. ஆக நீங்கள் வாங்குவது பழைய முதலாளியின் பழக்கத்தை. அவர் பத்து வருஷம் ஆயிலில் மிச்சம் பிடித்திருந்தால் அந்தக் கணக்கை நீங்கள்தான் தீர்க்க வேண்டும். அதனால் பேச்சோடு பேச்சாக "என்ன ஆயில் ஊத்துறீங்க, லிட்டருக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, மண்ணெண்ணெய்க்குக் கையேட்டில் உள்ளபடி. பட்டென்று அளவு சொல்பவரை நம்பலாம். "ஒரு குத்துமதிப்பா ஊத்துவோம்" என்பவரை நம்ப வேண்டாம். பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயிலை ஊற்றினேன் என்றால் அதுவும் கோளாறுதான். அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று டப்பாவில் போட்ட சாம்பல் விடாத ஆயில் வேண்டும், இல்லாவிட்டால் கரி படிந்து பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த கேள்வி, கரைக்கு வரும்போது பெட்ரோலுக்கு மாற்றுவாரா என்பது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பி, நிறுத்துவதற்குச் சில நிமிஷம் முன்னால் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி கார்புரேட்டரைக் கழுவிவிட்டு நிறுத்துவதுதான் முறை. மண்ணெண்ணெயிலேயே நிறுத்திப் பழகிய எஞ்சின் மறுநாள் விடியற்காலையில் கையை ஒடித்துவிடும்.

அப்புறம், அது பிறவியிலேயே மண்ணெண்ணெய் எஞ்சின்தானா என்று பாருங்கள். யமஹாவில் மாடல் பெயர் ஈகே (EK) என்று தொடங்கும். பெட்ரோல் எஞ்சினை வாங்கி ஹெட்டுக்கு அடியில் கூடுதலாக ஒரு கேஸ்கெட் (கசிவை அடைக்கும் தகடு) வைத்து மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்கள் உண்டு. ஓடும், ஓடாமல் இல்லை. ஆனால் மண்ணெண்ணெய்க்கு சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவாக வேண்டும், அதைச் சரியாகக் குறைக்காமல் சுமையோடு ஓட்டினால் உள்ளே தட்டித் தட்டி பிஸ்டன் தலை உருகும்.

சரி, கருவிக்கு வருவோம். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்று கையில் வேண்டும், இல்லையென்றால் மெக்கானிக்கிடம் இரவல் வாங்குங்கள். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, வயர்களை பாடியோடு எர்த் செய்து, பிளக் துளையில் கேஜை மாட்டி, திராட்டிலை (வேகம் கூட்டும் பிடியை) முழுதாகத் திறந்து, கேஜின் முள் ஏறுவது நிற்கும் வரை கயிறை இழுங்கள். பெட்ரோல் எஞ்சினில் 100 பிஎஸ்ஐ-க்கு மேல் வந்தால் நிம்மதி. மண்ணெண்ணெய் எஞ்சினில் குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். எண்ணை விட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம், பத்து சதவீதத்துக்கு மேல் போனால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ போயிருக்கிறது.

கழற்றிய பிளக்கை வீசிவிடாதீர்கள். காப்பிப் பொடி நிறமாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் நனைந்து கறுப்பாக இருந்தால் அந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கலாம், ஹெட் போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக் முனையில் வெள்ளிப் பொடி போலப் புள்ளிகள் தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம், அதோடு பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

இனி கீழே, புரொப்பல்லரைச் சுழற்றும் கியர் பெட்டிக்கு. இங்கேதான் நான் ஒருமுறை ஏமாந்தேன். புதுப் பெயின்ட், புது ஸ்டிக்கர், பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது, வாங்கி வந்து ஒரு வாரம் கழித்து கியர் ஆயிலை இறக்கினால் பால் விட்ட டீ மாதிரி வந்தது. சீல் போய் கடல் தண்ணீர் உள்ளே புகுந்து பல்லெல்லாம் துருப்பிடித்திருந்தது. கியர் மாற்றிய செலவில் இன்னொரு பழைய எஞ்சினே வாங்கியிருக்கலாம். எஞ்சின் ஒரு ராத்திரி நிமிர்ந்து நின்ற பிறகு கியர் பெட்டியின் கீழ்த் திருகை லேசாகத் தளர்த்துங்கள், தண்ணீர் இருந்தால் கனத்தினால் அதுதான் முதலில் வரும். திருகின் காந்தத்தில் மை போல மெல்லிய பசை ஒட்டியிருப்பது சகஜம், கையில் குத்தும் சில்லுகள் இருந்தால் சகஜம் இல்லை. புரொப்பல்லரையும் கழற்றச் சொல்லுங்கள். தண்டில் தங்கூஸ் (நைலான் தூண்டில் நரம்பு) சுற்றிக்கொண்டு சீலை அறுத்திருக்கும், பாதி எஞ்சின்களில் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கடலில் மூழ்கி எடுத்ததா என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்த கரை இது, அது இல்லாவிட்டாலும் அலையில் கவிழும் வள்ளங்கள் வருஷாவருஷம் உண்டு. மூழ்கிய எஞ்சினை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி ஆயில் விட்டு ஓட்டினால் பிழைத்துக்கொள்ளும், இரண்டு நாள் கிடந்தால் கிராங்க் பேரிங் துருவேறிவிடும். பிளக் இல்லாமல், எஞ்சினின் மேலே உள்ள கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், நறநறவென்று உணர்ந்தால் வேண்டாம். பக்கவாட்டில் ஆட்டினால் ஆடினாலும் வேண்டாம். ஃப்ளைவீலுக்கு அடியில், மின்சாரக் காயில்களின் இடுக்கில் டார்ச் அடித்து உப்பு தேடுங்கள், பெயின்ட் அடிப்பவர் கை அங்கே போகாது.

டிரம் தண்ணீரில் ஓட்டிக் காட்டுவதெல்லாம் பாதிப் பரீட்சைதான். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் பீய்ச்சி அடிக்கிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும். கடலில் இறக்கி, மூன்று நான்கு பேரை ஏற்றி, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், அதில் சில நிமிஷம் முழு திராட்டில். சுமை ஏறும்போது கடக்கடக்கென்று கியர் விலகிக் குதித்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது, செலவு பெரிது. அந்தக் கடக்கடக் சத்தம் இல்லாமல் எஞ்சின் மட்டும் கதறி வள்ளம் போகவில்லை என்றால் புரொப்பல்லரின் நடுவில் உள்ள ரப்பர் புஷ் வழுக்குகிறது, அது சின்னச் செலவு, விலையில் குறைத்துக் கேளுங்கள். திராட்டில் கொடுக்காமல் ஐடிலில் ஓடும்போது வேகம் தானாக ஏறி இறங்கி அலைந்தால், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகலாம். கிராங்க் சீல் வழியாகக் காற்று இழுத்தாலும் இதே மாதிரிதான் அலையும், அதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டும், ஆகவே சுத்தம் செய்து ஓட்டிக் காட்டிய பிறகே பணம்.

எஞ்சினின் கால், அதாவது கீழே தண்ணீருக்குள் இறங்கும் பகுதி, அதன் நீளத்தைப் பலர் கேட்பதே இல்லை. ஷார்ட் 15 அங்குலம், லாங் 20 அங்குலம், உங்கள் வள்ளத்தின் பின்பலகையை அளந்துகொண்டு போங்கள். கிளாம்ப் பக்கத்தில் உள்ள நம்பர் தகடு சுரண்டியிருந்தாலோ காணவில்லை என்றாலோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், திருட்டு எஞ்சினுக்குப் போலீஸ் வரும்போது விற்றவர் ஊரில் இருக்க மாட்டார்.

எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டால், தொழிலுக்குப் போகும் முன்பே தண்ணீர் பம்ப் இம்பெல்லர், கியர் ஆயில், கியர் பெட்டித் திருகுகளின் வாஷர், இரண்டு பிளக், எரிபொருள் ஹோஸ் இவ்வளவையும் புதிதாக மாற்றிவிடுங்கள். "போன மாசம்தான் மாத்தினேன்" என்று விற்றவர் சொல்லியிருந்தாலும் மாற்றுங்கள்.