மிலிட்டரி செலக்‌ஷனுக்குப் போகுமுன்: காதில் விழுந்ததும் உண்மையும்

ராணுவத்தில் சேர நினைக்கும் பையன்களில் பலர் உடல் பலமில்லாமல் தோற்பதில்லை. ஊரில் யாரோ சொன்னதை நம்பி, சரிபார்க்காமல் போய் நிற்பதால் தோற்கிறார்கள். ஆறு மாதம் ஓடிப் பழகியவர் ஆதாரில் இருக்கும் இனிஷியலால் திரும்பி வருவதைப் பார்த்தால் மனசு வலிக்கும். படைவீரர் நிலையில் சேரும் அக்னிவீர் தேர்வை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். விதிகள் ஆண்டுதோறும் சற்று மாறும். அதனால் ராணுவ ஆட்சேர்ப்பு இணையதளத்தில் வரும் அறிவிப்பை முதலிலிருந்து கடைசி வரை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

"சேர்ந்துவிட்டால் பென்ஷன் வரை கவலையில்லை"

2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தபோதே இந்த நிலை மாறிவிட்டது. பழைய மாமாக்களும் சித்தப்பாக்களும் 15 வருடம் முடித்துப் பென்ஷன் வாங்கியதைப் பார்த்த வீடுகளில் இன்னும் அதே கணக்குதான் ஓடுகிறது. இப்போது சேர்பவருக்குப் பயிற்சியும் சேர்த்து நான்கு ஆண்டுப் பணி. ஒவ்வொரு அணியிலும் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர்தான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷனும் கிடையாது, முன்னாள் படைவீரர் தகுதியும் கிடையாது.

பணக் கணக்கைத் தெளிவாகப் போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய் என்றாலும் அதில் 30 விழுக்காடு நிதியில் பிடிக்கப்பட்டு, கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் 40,000-க்குக் கைக்கு வருவது 28,000. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போடும். முடிவில் வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல் கிடைக்கும். இடையில் சொந்த விருப்பத்தில் விலகினால் அரசு போட்ட பங்கு வராது. 48 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு, அதற்குப் பிடித்தம் கிடையாது. ஆண்டு விடுப்பு 30 நாள். நான்கு ஆண்டு முடியும்வரை திருமணம் செய்யக் கூடாது. தங்கை கல்யாணம், வீட்டுக்கடன் என்று குடும்பம் உங்கள் சம்பளத்தை நம்பியிருந்தால், சேரும் முன்பே இந்த எண்களை வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவதுதான் முறை.

"பட்டாளம் என்றால் எல்லையில் துப்பாக்கியோடு நிற்பது"

காலாட்படை ஒரு பகுதிதான். தகவல் தொடர்பு பார்க்கும் சிக்னல்ஸ், பொறியாளர் படை, வாகனமும் ஆயுதமும் பழுதுபார்க்கும் இ.எம்.இ., உணவும் எரிபொருளும் கொண்டுசேர்க்கும் சப்ளை கோர், மருத்துவப் படை எனப் பல பிரிவுகள் இருக்கின்றன. பெங்களூரில் மையம் வைத்திருக்கும் மெட்ராஸ் பொறியாளர் படையின் வீரர்களை ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் தொழில். குன்னூர் வெலிங்டனில் மையம் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758-ல் தோன்றிய காலாட்படை.

ஆகவே விண்ணப்பிக்கும்போதே எந்தப் பிரிவு என்று யோசியுங்கள். பொதுப்பணிக்கு (ஜெனரல் டியூட்டி) 10-ஆம் வகுப்பில் மொத்தம் 45 விழுக்காடும் ஒவ்வொரு பாடத்திலும் 33-ம் வேண்டும். டெக்னிக்கலுக்கு 12-ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலத்தோடு மொத்தம் 50, பாடவாரியாக 40. கிளார்க் பணிக்கு மொத்தம் 60, பாடவாரியாக 50. மதிப்பெண் இருந்தும் "நமக்குப் பொதுப்பணிதான்" என்று போட்டுவிடுபவர்கள் நிறைய.

"நல்லா ஓடினால் போதும்"

ஓட்டம் இப்போது இரண்டாவது கட்டம். 2023 முதல் இணையவழி எழுத்துத் தேர்வு முதலில் வருகிறது. அதில் தேறியவர்தான் கிரவுண்டுக்கே போக முடியும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள், தெரியாததைக் குத்துமதிப்பாக அடிக்காதீர்கள். தமிழிலேயே எழுதலாம் என்பது 2025 தேர்விலிருந்து வந்த பெரிய வசதி. இந்தி தெரியாவிட்டால் எடுக்க மாட்டார்கள் என்பது பொய். பயிற்சி மையத்தில் கட்டளைகள் இந்தியில் வரும், அன்றாடம் பேசும் அளவுக்கு அங்கேயே கற்றுக்கொள்வீர்கள். 'சாவ்தான்' என்றால் நேராக நில், 'விஷ்ராம்' என்றால் தளர்ந்து நில் என்று இப்போதே தெரிந்திருந்தால் முதல் வாரப் பதற்றம் குறையும்.

ஓட்டம் 1.6 கிலோமீட்டர். 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண் முழுதாகக் கிடைக்கும். 400 மீட்டர் தடத்தில் இது நான்கு சுற்று, சுற்றுக்கு 82.5 வினாடி. இந்த எண்ணைத்தான் உடம்பில் ஏற்ற வேண்டும். கூட்டத்தோடு விசில் அடித்ததும் முதல் சுற்றை 70 வினாடியில் பாய்ந்துவிட்டு, மூன்றாவது சுற்றில் கால் கனத்து நடையாவதுதான் கிரவுண்டில் அடிக்கடி காணும் தோல்வி. வாரத்தில் ஒரு நாள் 400 மீட்டரை 80 முதல் 82 வினாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடுங்கள். நான்கில் தொடங்கி ஆறு முறை வரை கொண்டு போகலாம். இரண்டு நாள் 4, 5 கிலோமீட்டர் மெதுவோட்டம், ஒரு நாள் முழு ஓய்வு. தினமும் தார்ச்சாலையில் வேகமாக ஓடினால் முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பு வலிக்கத் தொடங்கும். அந்த வலி ஒரே இடத்தில் விரலால் அழுத்தினாலே தெரிகிறதென்றால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். வலியோடு ஓடினால் எலும்பில் விரிசல் விழும், அந்த ஆண்டே போய்விடும்.

அடுத்தது பீம், அதாவது கம்பியைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே தூக்குவது. அதில் 10 எடுத்தால் 40 மதிப்பெண், 9-க்கு 33, 6-க்கு 16. ஒன்று குறைந்தாலே ஏழு மதிப்பெண் போகிறது. தாடை கம்பிக்கு மேல் வர வேண்டும், இறங்கும்போது கை முழுதாக நீள வேண்டும், காலை உதறக் கூடாது. வீட்டில் உதறி 15 எடுப்பவர் அங்கே 6-ல் நின்றுவிடுவதற்கு அதுதான் காரணம். 9 அடிப் பள்ளம் தாண்டுவதும் வளைந்த கட்டைமேல் நடப்பதும் தேறினால் போதும், மதிப்பெண் கிடையாது.

பொதுப்பணிக்குத் தமிழ்நாட்டு ஆண்களுக்கு உயரம் 166 செ.மீ., மார்பு 77 செ.மீ., மூச்சிழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும்.

மெடிக்கல்: வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

பாதத்தை நனைத்துச் சிமெண்டுத் தரையில் வையுங்கள். உட்பக்க வளைவு தெரியாமல் முழுத் தடமும் விழுந்தால் தட்டைப்பாதம் இருக்கலாம். முழங்கால்கள் ஒட்ட நேராக நின்று, கணுக்கால்களுக்கு நடுவே இடைவெளியை அளந்து பாருங்கள். 5 செ.மீ. தாண்டினால் எலும்பு மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். காது அழுக்கால் நிராகரிப்பு வருவது உண்டு. ஹேர்பின்னால் குத்தாதீர்கள், செவிப்பறை கிழிந்தால் அதுவே பெரிய குறை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை சுத்தம் செய்துகொள்ளுங்கள். நிறக்குருடு, சொத்தைப்பல், விரைவீக்கம் இவற்றையும் ஆறு மாதம் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பச்சை குத்துவதில் பலர் ஏமாறுகிறார்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கையின் உட்பக்கமும், புறங்கையும் மட்டுமே ஏற்கப்படும். மார்பிலோ கழுத்திலோ தோளிலோ பெயர் குத்தியிருந்தால் அங்கேயே முடிந்தது.

"அன்ஃபிட்" என்று எழுதிவிட்டால் எல்லாம் போச்சு என்று அழுதுகொண்டே பஸ் ஏறிவிடாதீர்கள். பல குறைகளுக்கு ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை உண்டு. அன்றே சீட்டை வாங்கி, சொன்ன நாட்களுக்குள் போய்விடுங்கள். கெடு மிகக் குறுகியது.

இனிஷியல் என்ற பெரிய தொல்லை

10-ஆம் வகுப்புச் சான்றிதழில் 'கார்த்திக் எஸ்', ஆதாரில் 'கார்த்திக் செல்வம்', சாதிச் சான்றில் 'செ. கார்த்திக்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். சரிபார்ப்பு மேசையில் இருக்கும் வடநாட்டுக்காரருக்கு மூன்று ஆட்கள். 10-ஆம் வகுப்புச் சான்றையே அடிப்படையாக வைத்து, பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும்படி ஆதாரை முதலில் திருத்துங்கள். பிறகு இ-சேவை மையத்தில் இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, திருமணமாகாதவர் சான்று. நன்னடத்தைச் சான்றும் திருமணமாகாதவர் சான்றும் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எடுத்த புகைப்படம் 20 பிரதி எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த அதே செல்போன் எண்ணை நியமன ஆணை வரும்வரை மாற்றாதீர்கள்.

அதிகாரி ஆவது வேறு வழி

ஜவானாகச் சேர்ந்தால் தானாகவே கேப்டன் ஆகிவிடலாம் என்பதும் தவறு. உள்ளிருந்து மேலே போகத் தனித் தேர்வுகள் உண்டு, கடினமானவை. அதிகாரியாகவே ஆசை என்றால் 12-ஆம் வகுப்போடு என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு, பட்டத்தோடு சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு) எழுதுங்கள். இரண்டையும் யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. என்.சி.சி. 'சி' சான்றிதழோடு பட்டதாரியாக இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாள் நேர்காணலுக்குப் போகும் வழியும் உண்டு. சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமியே இருக்கிறது. 2022 முதல் பெண்களும் என்.டி.ஏ.வில் சேர்கிறார்கள். வீரர் நிலையில் பெண்களுக்கு ராணுவக் காவல் பிரிவு திறந்திருக்கிறது, 1.6 கிலோமீட்டரை 7 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடினால் வேகமாக ஓடியவர்களின் முதல் குழுவில் வருவீர்கள்.

பணம் கேட்பவர்

"ஐந்து லட்சம் கொடுத்தால் லிஸ்டில் பெயர் வரும்" என்று பேசுபவர் அநேகமாக முன்னாள் படைவீரர் என்றோ அதிகாரியின் டிரைவர் என்றோ அறிமுகமாவார். எழுத்துத் தேர்வைக் கணினி திருத்துகிறது, ஓட்டத்தைக் கடிகாரம் அளக்கிறது. அவர் செய்வது இதுதான்: நூறு பேரிடம் வாக்குக் கொடுத்து, அவர்களில் சொந்த உழைப்பில் தேறிய பத்துப் பேரிடம் தன்னால்தான் வந்தது என்று பணம் வாங்கிக்கொள்வது. பிணையாக அவர் கேட்பது அசல் மதிப்பெண் சான்றிதழ். அதைக் கொடுத்தவர் கிரவுண்டில் தேறினாலும் சரிபார்ப்பு நாளில் கையை விரிக்க வேண்டியதுதான். அசல் சான்றுகளை ஆட்சேர்ப்பு அலுவலகம் எழுத்தில் கேட்கும்போது, ரசீது வாங்கிக்கொண்டு அலுவலக மேசையில் மட்டுமே கொடுங்கள்.