விஎம்முக்கு எவ்வளவு ராம் கொடுப்பது?

விஎம்களை (ஒரு கம்ப்யூட்டருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்களை) ஓட்டும் நிஜக் கம்ப்யூட்டர்தான் ஹோஸ்ட். என் ஹோஸ்டில் 16 ஜிபி ராம். மூன்று விஎம்களுக்குத் தலைக்கு 6 ஜிபி என்று எழுதி வைத்தேன். கூட்டினால் 18 வருகிறது, ஆனாலும் விஎம்களை ஓட்டும் லினக்ஸ் வசதியான கேவிஎம் முணுமுணுக்காமல் மூன்றையும் ஓட்டியது. விஎம் தொடும் பக்கங்களுக்கு (ராமின் சிறு துண்டுகளுக்கு) மட்டும்தான் ஹோஸ்ட் நிஜ ராமை எடுத்துக் கொடுக்கும், அதனால் முதல் நாள் எதுவும் தெரியாது. உள்ளே இருக்கும் லினக்ஸோ சும்மா கிடக்கும் ராமையெல்லாம் ஃபைல் கேஷாக (படித்த ஃபைல்களின் நகலாக) நிரப்பிக்கொண்டே போகும். தொட்டதைத் தானாகத் திருப்பித் தராது. நான்காம் நாள் ராத்திரி ராம் தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் ஹோஸ்டின் ஓஓஎம் கில்லர் எழுந்து, பார்வையில் பட்ட பெரிய ப்ராசஸைத் தீர்த்துக்கட்டியது. என் டேட்டாபேஸ் விஎம்தான் அது.

இப்போதெல்லாம் ஹோஸ்டுக்கு முதலில் 3 ஜிபி எடுத்து வைத்துவிட்டு, மீதி 13-ஐத்தான் பங்கு போடுகிறேன். ஹோஸ்டிலேயே பிரவுசர் திறப்பவர்கள் இன்னும் கூட்டி வையுங்கள். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இருந்தால் அதன் கேஷுக்கு உச்சவரம்பு போடாமல் கணக்கே ஆரம்பிக்காதீர்கள்.

கட்டளை வரி மட்டுமுள்ள டெபியன் லினக்ஸுக்கு 1 ஜிபியில் தொடங்கலாம். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சமே 4 ஜிபி. உட்கார்ந்து வேலை பார்க்க 8 வேண்டும் என்பது என் அனுபவம்.

அப்புறம் ஒரு வாரம் நிஜ வேலையைக் கொடுத்து, வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் விஎம்முக்கு உள்ளே போய் அளக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கேஷும் செலவுக் கணக்கில்தான் வரும். 'ஃப்ரீ' கட்டளையில் ஃப்ரீ என்ற பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' (கேஷை விடுவித்தால் கிடைப்பதும் சேர்ந்தது). அது மொத்தத்தில் கால் பங்கு இருந்தால் நான் கை வைப்பதில்லை. பாதிக்கு மேல் இருந்தால் குறைத்துவிடுவேன். 'விஎம்ஸ்டாட்' கட்டளையில் எஸ்ஐ, எஸ்ஓ (டிஸ்கில் உள்ள ஸ்வாப்பிலிருந்து ராமுக்கு வருவதும், ராமிலிருந்து அங்கே போவதும்) இரண்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தால் ராம் போதவில்லை. எப்போதாவது ஒரு எண் எட்டிப் பார்ப்பது சரிதான்.

ஜாவாவில் ஒரு பொறி உண்டு. ஹீப் (ஜாவா தன் ஆப்ஜெக்ட்களை வைக்கும் இடம்) 2 ஜிபி என்றால் விஎம்முக்கு 2 போதாது. த்ரெட், மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள்) எல்லாம் ஹீப்புக்கு வெளியே. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஷேர்டு பஃபரை (அதன் சொந்த கேஷை) ராமில் கால் பங்காக வைப்பது வழக்கம், ஆகவே விஎம்மின் அளவை மாற்றினால் அதையும் மாற்றுங்கள். பலூனிங்கை (ஓடும் விஎம்மிடமிருந்து ராமைத் திரும்ப வாங்குவதை) சோதனை விஎம்களோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது டேட்டாபேஸுக்கு 6, ஜாவாவுக்கு 4, ப்ராக்ஸிக்கு 1. மீதி 2 ஜிபியை யாருக்கும் கொடுக்கவில்லை.