லாரியில் இரண்டாவது பேட்டரி: சார்ஜ் எங்கே தொலைகிறது?

பெரிய லாரியின் பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு பேட்டரிகள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "நம்ம வண்டியில ஏற்கனவே ரெண்டு இருக்கே, ஒன்ன ஃபேனுக்கு வச்சுக்கலாம்" என்று சொல்லாத டிரைவர் குறைவு. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்த இரண்டும் 12 வோல்ட் பேட்டரிகள். ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு தொடராகக் கோத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரும் ஹெட்லைட்டும் அந்த 24-க்குத்தான் செய்தவை. கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தாலும் வண்டிக்கு அது ஒரே பேட்டரி.

ஆனால் கடையில் கிடைக்கும் ஃபேன், பாட்டு செட் எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒயரைக் கொடுத்து, ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்துவிடுகிறார்கள். காசு செலவில்லை, அன்றைக்கு ராத்திரியே ஃபேன் சுற்றும். கெடுதல் தெரியச் சில மாதம் ஆகும்.

ஆல்டர்னேட்டருக்கு, பட்டறை மொழியில் டைனமோவுக்கு, இரண்டு பேட்டரியின் கூட்டுத்தொகைதான் தெரியும். 28 வோல்ட் வந்ததும் போதும் என்று அடங்கிவிடும். அந்த 28 எப்படிப் பங்கு பிரிந்தது என்று அது பார்ப்பதில்லை. ராத்திரியெல்லாம் ஃபேன் ஓட்டிய பேட்டரி 13-இல் நிற்கும், சும்மா இருந்தது 15-க்கு ஏறிவிடும். ஒன்றுக்குப் பட்டினி, மற்றதற்கு அஜீரணம். பட்டினி கிடப்பதன் தகட்டில் சல்பேட் படியும். அஜீரணக்காரனுக்குள் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். கிளீனர் ஒரே பேட்டரிக்கு மட்டும் அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டிருந்தால் வேறு சோதனையே வேண்டாம். இதில் வேடிக்கை, தண்ணீர் வற்றிய பேட்டரியைத்தான் கெட்டது என்று கழற்றிப் போடுவார்கள். புதியதை வாங்கி, பட்டினியில் கிடந்த பழையதோடு தொடரில் மாட்டுவார்கள். கதை மறுபடி முதலிலிருந்து.

சந்தேகம் இருந்தால் இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக மீட்டரில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் காட்டினால், நடு ஒயரை இன்றைக்கே கழற்றிவிடலாம். 12 வோல்ட் வேண்டும் என்றால் முழு 24-இலிருந்தும் எடுத்து இறக்கித் தரும் கன்வெர்ட்டரைப் போடுவதுதான் முறை.

ஆனால் கன்வெர்ட்டர் மட்டும் இருந்தால், இன்ஜினை அணைத்த பிறகு ராத்திரி ஃபேனுக்கு அது செல்ஃப் எடுக்கும் பேட்டரியைத்தான் உறிஞ்சும். புதிதாகத் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் கேபின் ஏசி கட்டாயம் என்கிறது விதி. நல்லதுதான். ஆனால் வழக்கமான ஏசி இன்ஜின் ஓடினால்தான் குளிரும். லோடு இறக்கக் காத்துக் கிடக்கும் ராத்திரிக்கு ஃபேனும் சின்ன ஃபிரிட்ஜும்தான் துணை. அதற்குத்தான் தனியாக ஓர் இரண்டாவது பேட்டரி. அதை நிரப்ப 24-இலிருந்து 12-க்கு இறக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும், அதுவும் இன்ஜின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும்படி இணைத்திருக்க வேண்டும். இன்ஜின் ஓடுகிறது என்று சார்ஜருக்குச் சொல்லும் அந்த ஒயரைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, "ரெண்டாவது பேட்டரி போட்டும் காலையில செல்ஃப் எடுக்கலையே" என்று வருபவர்கள் உண்டு.

12 வோல்ட் பிக்கப் வண்டிகளில் கோளாறு வேறு மாதிரி. அங்கே வண்டி பேட்டரியையும் கூடுதல் பேட்டரியையும் நேராக ஒயரால் இணைத்துவிடுவது பொதுவான தவறு. இன்ஜின் நின்றதும் இரண்டும் ஒன்றாகவே இறங்கும். சாவியைத் திருப்பியதும் இரண்டையும் சேர்க்கிற ரிலே, அதாவது தானாக இயங்கும் சுவிட்ச், கொஞ்சம் தேவலை. ஆனாலும் செல்ஃப் அடிக்கும் நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இரண்டையும் இணைக்கும் ஒல்லி ஒயர் வழியாகவும் பாயப் பார்க்கும். கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு வைத்துப் பிரித்தால் சாதாரணமாக 0.6, 0.7 வோல்ட் அதிலேயே போய்விடும், பேட்டரி முழுதாக நிரம்பவே நிரம்பாது. வோல்ட்டேஜ் பார்த்து இயங்கும் ரிலே, ஏறத்தாழ 13.3-இல் சேர்த்து 12.8-இல் பிரிப்பது, பழைய வண்டிக்குப் போதும். சில புதிய வண்டிகளில் டீசல் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டரே வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்ளும். ரிலே அங்கே குழம்பிப் போகும், குறைந்த வோல்ட்டையும் ஏற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர்தான் வழி.

ஒயரில் மிச்சம் பிடிப்பதைப் பற்றிக் கணக்குப் போட்டே சொல்கிறேன். பேட்டரியிலிருந்து கேபின் பின்பக்கம் வரை 5 மீட்டர், போக வர 10 மீட்டர். 4 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 30 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே சுமார் 1.4 வோல்ட் தொலையும். 14.2 கிளம்பினால் 12.8 போய்ச் சேரும். அந்த வோல்ட்டில் ஈய பேட்டரி ஏறாது, சும்மா நிற்கும். 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.4-க்குள் அடங்கும். எர்த் ஒயரும் அதே தடிமன் இருக்க வேண்டும், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு சேசிஸில் முறுக்க வேண்டும். மைனஸ் க்ளாம்ப்பில் சின்ன சென்சார் பெட்டி இருக்கும் வண்டிகளில் எர்த்தை பேட்டரி முனையில் மாட்டாமல் சேசிஸில் கொடுங்கள். இல்லையென்றால் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று வண்டி போடும் கணக்கு தப்பிவிடும்.

ஃபியூஸ் ஒன்று போதாது. இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால், ஒயர் நடுவில் எங்கே உரசினாலும் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். ஒவ்வொரு பிளஸ் முனையிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ்.

எந்த பேட்டரி என்பதிலும் அவசரப்பட வேண்டாம். செல்ஃபுக்கான பேட்டரியின் தகடு மெல்லியது, ராத்திரி ராத்திரி ஆழமாக இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரின் உயரமான டியூபுலர் பேட்டரியைக் கொண்டுவந்து கட்டுபவர்களும் இருக்கிறார்கள். இறக்கத்தை அது தாங்கும், சாலைக் குலுக்கலைத் தாங்கச் செய்ததல்ல. அதைப் படுக்கைக்கு அடியில் வேறு வைத்தால், சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் மூடிய கேபினில் தேங்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி நல்ல பொருள். ஆனால் அதை ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்காதீர்கள். கொடுத்த கரண்டையெல்லாம் வாங்கிக்கொள்ளும், ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். ஓடும்போது அதன் பிஎம்எஸ் (உள்ளேயே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) திடீரெனத் துண்டித்தால் வோல்ட்டேஜ் எகிறி, வண்டியின் எலக்ட்ரானிக்ஸைப் பதம் பார்க்கலாம்.

இன்னொரு ஏமாற்றம்: ஃபேன் 2 ஆம்பியர், ஃபிரிட்ஜ் சராசரி 4 ஆம்பியர் என்றால் எட்டு மணி நேரத்தில் 48 ஆம்பியர்-ஹவர் போயிருக்கும், அதாவது 100 ஏஹெச் பேட்டரியில் பாதி. 20 ஆம்பியர் சார்ஜரில் இரண்டரை மணி நேரத்தில் நிரம்பிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். ஈய பேட்டரி நிரம்ப நிரம்பக் கரண்டைக் குறைத்து வாங்கும், கடைசி 20 சதவீதத்துக்கே சில மணி நேரம் தின்னும்.

வேலை முடிந்ததும் ஃபேனைப் போட்டு, அரை மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு, மீட்டரை இரண்டாவது பேட்டரியின் முனையிலேயே வைத்துப் பாருங்கள். 14-ஐ ஒட்டிக் காட்டினால் நிம்மதி. 13 என்றால், மீட்டரின் கருப்பு முனையை எர்த்தில் வைத்துக்கொண்டு சிவப்பு முனையை ஒயர் வழியே இணைப்பு இணைப்பாக நகர்த்துங்கள். நான் பார்த்த ஒரு வண்டியில் ஆல்டர்னேட்டர், ரிலே, ஒயர் எல்லாமே புதுசு. முக்கால் வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தது, க்ரிம்பிங் டூல் இல்லாமல் சுத்தியலால் தட்டி நசுக்கிய ஒரே ஒரு லக், ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்.