காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் சத்தம்: புதுக் கார் வாங்கியவர்களுக்கு ஒரு செய்முறை

வண்டி எடுத்து இரண்டே மாதம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள் ‘கடகட’. பதறிப்போய் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப்போனால் அங்கே சத்தமே இல்லை. “நல்லாத்தானே சார் ஓடுது” என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. இன்ஜின் சூடேறியதும் அந்தச் சத்தம் ஒளிந்துகொள்ளும். ஆகவே பாதி வேலை உங்கள் வீட்டு வாசலில்தான் நடக்க வேண்டும்.

இதற்கு ஊட்டிக் குளிரெல்லாம் வேண்டாம். ஓடும்போது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 90 டிகிரியை ஒட்டி இருக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது வெளிக்காற்றின் வெப்பத்துக்கு இறங்கிவிடும். சென்னையில் 28 டிகிரி என்றாலும் 60 டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஆயில் கெட்டிப்பட்டுக் கீழே இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் தங்கியிருக்கும், உலோகங்கள் சுருங்கியிருக்கும். குறைந்தது 8 மணி நேரம் நிற்காத வண்டியில் இந்தச் சோதனை செல்லாது.

தேவையானவை: செல்போன், டார்ச், 60 செ.மீ. ரப்பர் ஹோஸ், தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில், மல்டிமீட்டர், கூட ஒரு ஆள்.

1. ஸ்டார்ட் செய்வதற்கு முன்

வண்டியை முந்தின இரவே சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடக் கூடாது. புகையில் வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

காலையில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும். பல கார்களில் அந்த இடைவெளி ஏறக்குறைய 1 லிட்டர். கீழ்க் குறிக்கும் கீழே என்றால் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மேல் குறியைத் தாண்டினாலும் தப்புதான். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரையில் உள்ள காற்று வால்வுப் பக்கம் போய் ‘டிக்டிக்’ என்று கேட்கும்.

அப்படியே டிக்கியில் ஜாக்கி லொடலொடக்கிறதா, கதவுப் பையில் பாட்டில் உருளுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவே பானட்டைத் திறந்தவர்கள் உண்டு.

2. பதிவு செய்யுங்கள்

ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) முள் தெரியும்படி வீடியோ எடுங்கள். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி 3 வினாடி பொறுத்து, பிறகு ஸ்டார்ட். ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் 2 நிமிடம் விடுங்கள். மறுநாள் இதையே பானட்டைத் திறந்து வைத்து, கூட இருப்பவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி எடுங்கள். துண்டு, துப்பட்டா, சேலைத் தலைப்பு எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி சொல்லாமல் சுழல ஆரம்பிக்கும்.

3. எந்த வினாடியில் வருகிறது?

‘என்ன சத்தம்’ என்பதைவிட ‘எப்போது வந்து எப்போது போகிறது’ என்பதுதான் நிறையச் சொல்லும்.

*சாவி ஆன், இன்ஜின் ஓடவில்லை.* பின் சீட்டுக்கு அடியில் 2, 3 வினாடி மெல்லிய ‘ங்ங்ங்’. பெட்ரோல் பம்ப் பிரஷர் ஏற்றுகிறது. இயல்பு.

*செல்ஃப் அடிக்கும்போது.* ‘டக் டக் டக்’ என்று மட்டும் கேட்டு இன்ஜின் சுற்றவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். ராத்திரி நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போதாது. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. புது வண்டிக்கா என்று கேட்காதீர்கள், யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டியும் புது வண்டிதான். இன்ஜின் பிடித்த பிறகும் ‘கர்ர்ர்’ என்று அரைத்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் (பினியன்) இன்ஜினின் ஃப்ளைவீல் சக்கரத்தை விட்டு விலகவில்லை. திரும்பத் திரும்ப முயலாமல் நிறுத்திவிடுங்கள்.

*முதல் 1, 2 வினாடி ‘கடகட’.* இதில்தான் கவனம் வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. ராத்திரியில் அதிலுள்ள ஆயில் வடிந்துவிட்டால், பம்ப் மறுபடி நிரப்பும்வரை செயின் தளர்ந்து, அது ஓடும் வழிப்பட்டையான கைடில் அடிக்கும். கேம் ஷாஃப்ட் நேரத்தை மாற்றும் விவிடி கியரிலும் இதே கதைதான். நிற்கும்போது அதைப் பூட்டி வைக்க ஒரு சின்ன ஆணி (பின்) உண்டு, அது சரியாக விழாவிட்டால் கியர் ஆடும். மூன்றாவது சந்தேகம் ஆயில் ஃபில்டர். அதற்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கிறது, மட்டமான ஃபில்டரில் அது மூடாது.

சோதனை எளிது. ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டாம் முறை சத்தம் இல்லையென்றால் ஆயில் வடிவதுதான் விவகாரம். என்றைக்கோ ஒரு நாள் அரை வினாடி வந்தால் விடலாம். தினமும் 2 வினாடி வந்தால் புகார் எழுதியே ஆக வேண்டும். சத்தம் நிற்கவே இல்லை, அல்லது ஆயில் விளக்கு 5 வினாடிக்கு மேல் அணையவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தூக்கிப்போகச் சொல்லுங்கள்.

*முதல் 2 நிமிடம்.* முள் 1200 முதல் 1500 வரை நின்று இரைச்சலாக இருக்கும். புகைக்குழாயில் உள்ள, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு வேண்டுமென்றே செய்யும் வேலை இது. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜின்கள் இந்த நேரத்தில் டீசல் மாதிரிகூடப் பேசும். முள் 700–850-க்கு இறங்கும்போது சத்தமும் இறங்கினால் கவலையில்லை.

*5, 10 நிமிடத்தில் மெல்ல மறைவது.* இரண்டு பேர் மேல் சந்தேகம். அடித்தொண்டை ‘லொட் லொட்’ என்றால் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுகிறது. அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிந்ததும் இடைவெளி அடைபடும். கூர்மையான ‘டிக் டிக்’ என்றால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குழாயின் கேஸ்கெட்டில் (இடுக்கை அடைக்கும் தகடு) கசிவு. ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைச் சூடான பாகத்தில் படாமல் அந்த ஓரமாக நகர்த்துங்கள். கசியும் இடத்தில் ‘புஸ் புஸ்’ துல்லியமாகக் கேட்கும், கரியும் படிந்திருக்கும்.

தாளத்தை எண்ண ஒரு வழி உண்டு. முள் 800-இல் நிற்கும்போது எடுத்த வீடியோவைக் கால் வேகத்தில் ஓட்டி 10 வினாடி எண்ணுங்கள். 17 தட்டு வந்தால், இன்ஜினின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நடப்பது: ஒரு வால்வு, ஒரு இன்ஜெக்டர், ஒரே சிலிண்டரின் எக்ஸாஸ்ட் கசிவு போன்றவை. 33 வந்தால் கிராங்கோடு சேர்ந்து சுற்றும் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), ஃப்ளைவீல் பக்கம் பாருங்கள்.

4. மழை இரவுக்குப் பின் ‘கீச்’

இது பெல்ட். இன்ஜின் ஓடும்போது, கையைத் தள்ளி வைத்து, பெல்ட்டின் பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் அடங்கிச் சில வினாடியில் திரும்பினால் புல்லி நேர்க்கோட்டில் இல்லை. இன்னும் உரக்கக் கத்தினால் பெல்ட்டில் இறுக்கம் போதாது. பெல்ட் டிரஸ்ஸிங் ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீர்கள், ஆதாரத்தை அழித்துவிடும்.

5. சின்னச் சின்னவை

கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறதா? கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மிதித்தால் போகிறதா? கியர்பாக்ஸ் உள்ளே வரும் ஷாஃப்ட்டின் பேரிங். குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் அதிர்ந்தால் சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு. வண்டி நகர்ந்த சில மீட்டரில் ஒருமுறை ‘க்ர்ர்’ என்றால் பெரும்பாலும் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது. முதல் நாலைந்து பிரேக்கில் ‘சர் சர்’ என்றால் டிஸ்க்கில் படிந்த துரு.

6. ஜாப் கார்டு

‘இன்ஜின் சத்தம்’ என்று மட்டும் ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரில் உங்கள் புகாரை எழுதும் தாள்) எழுதினால் ‘சோதித்தோம், குறையில்லை’ என்று திரும்பி வரும். இப்படி எழுதச் சொல்லுங்கள்: “8 மணி நேரம் நின்ற பின் முதல் ஸ்டார்ட்டில், முதல் 2 வினாடி, இன்ஜினின் வலப்பக்கம் கடகட. உடனே மறு ஸ்டார்ட்டில் இல்லை. வெளி வெப்பம் 26 டிகிரி. 5 நாளில் 4 நாள்.” வீடியோவையும் அனுப்பி, ஜாப் கார்டு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது ‘கெட்டி ஆயில் ஊற்றினால் அடங்கிவிடும்’ என்பார்கள். கையேட்டில் 0டபிள்யூ-20 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) என்றிருந்தால் அதுதான். கெட்டி ஆயில் குளிரில் மேலே ஏற இன்னும் தாமதிக்கும், வாரண்டியிலும் கேள்வி வரும்.

கடைசியாக, வண்டியை முந்தின மாலையே சர்வீஸ் சென்டரில் விட்டு ராத்திரி நிற்கச் செய்யுங்கள். காலையில் யாராவது இடம் மாற்ற ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் அன்றைய சோதனை போச்சு. ‘ஸ்டார்ட் செய்ய வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டுங்கள், சாவியை சர்வீஸ் அட்வைசரின் கையில் கொடுங்கள். முடிந்தால் முதல் ஸ்டார்ட்டின்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.